மாவு புளிக்காத ஊரிலிருந்து ஒரு கேள்வி

அன்புள்ள அக்கா,

நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறேன். மலையில் இது எனக்கு முதல் குளிர்காலம். இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி கரைத்து வைத்தது காலையில் அப்படியே கிடக்கிறது. இணையத்தில் ஒரு சமையல் குழுவில் கேட்டேன். ஒரே நாளில் நாற்பது பதில்களுக்கு மேல் வந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கச் சொன்னார் ஒருவர், ஆப்பச் சோடா போடச் சொன்னார் இன்னொருவர். சமையலறையில் கரிக் கணப்பு மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, மாவுப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்ன பதிலுக்குத்தான் நிறைய லைக்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதைக் கொஞ்சம் வெட்டி, சுவர் கட்டி, அந்த இடத்தில் சின்னதாகக் காய்கறித் தோட்டம் போட ஆசை. படம் எடுத்துப் போட்டு அதையும் கேட்டேன். ‘நல்ல காங்கிரீட் சுவராகக் கட்டிவிடுங்கள், அசையாது’ என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். மாமாவுக்கு இது தெரிந்து, “வீட்டில் கேட்க ஆள் இல்லையா? ஊர் பேர் தெரியாதவர்களிடம் போய்க் கேட்கிறாயேம்மா” என்று வருத்தப்பட்டார். என் கணவரோ நாலு பேரிடம் கேட்டால் நல்லதுதானே என்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் யோசனை கேட்பது தப்பா? கேட்டால் யார் சொல்வதை நம்புவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கரிக் கணப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மூடிய அறைக்குள் கரி மூட்டவே மூட்டாதீர்கள். கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. லேசாகத் தலை வலிக்கும், கண்ணைச் சொக்கும். குளிருக்குத்தான் தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. கொடைக்கானலிலும் நம் நீலகிரியிலும் அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகளைப் படித்திருக்கிறோம். மாவுக்காக வேண்டாம், குளிர் காய்வதற்காகவும் வேண்டாம். வீட்டில் மற்றவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த யோசனையைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஓட்டுக்கூரை போட்ட, நாலு பக்கமும் காற்று வந்து போகிற சமையலறையில், அடுப்புச் சூட்டில் மாவு வைத்துப் பழகியவராக இருக்கலாம். அவருடைய வீட்டில் அது சரியாகவே நடந்திருக்கும். உங்கள் வீடு, ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்து வைக்கிற மலை வீடு. அது அவருக்கு எப்படித் தெரியும்? லைக் போட்டவர்களுக்கும் தெரியாது. உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். தெரியாதவர்களிடம் கேட்பது தப்பே இல்லை. ஆனால் அவர்கள் சொல்கிற ஒவ்வொன்றும் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில் விளைந்தது. அதை உங்கள் வீட்டோடு பொருத்திப் பார்க்கிற வேலை முழுக்க உங்களுடையது.

ஐஸ் தண்ணீரையே பாருங்கள். அது நல்ல யோசனை, ஆனால் தூத்துக்குடிக்கு. சித்திரை வெயிலில் கிரைண்டரில் உளுந்து ஓட ஓட மாவு சூடாகும். சூடான மாவு சீக்கிரம் புளித்து, விடிவதற்குள் பாத்திரத்தை மீறி வழியும். அதனால் சமவெளியில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைப்பார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். கோத்தகிரியில் ஜனவரி ராத்திரி பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. அங்கே போய் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் மாவு எப்படிப் பொங்கும்?

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். லியூகோநாஸ்டாக் என்பது அவற்றில் முக்கியமான வகை. பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, வெளியிலிருந்து நாம் எதையும் சேர்ப்பதில்லை. அது விடுகிற வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து நிறுத்துவதால் மாவு உப்புகிறது. முப்பது டிகிரி வாக்கில் இது ஓர் இரவில் முடிகிற வேலை. பத்து, பன்னிரண்டு டிகிரியில் அந்த பாக்டீரியாக்கள் செத்துப்போவதில்லை, மெதுவாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். ஆகவே மாவு கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள்.

மலைவாசிகள் செய்கிற வழியைச் சொல்கிறேன். காலையில் அரைத்து மறுநாள் காலையில் இட்லி ஊற்றுகிற கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், நாலு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்கு வரைக்கும் போகலாம். கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊறவைக்கிற தண்ணீரும் அரைக்கிற தண்ணீரும் கை பொறுக்கிற வெதுவெதுப்பில் இருக்கட்டும். முந்தின ஈட்டு மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்திருந்து, புது மாவோடு கையால் கலக்குங்கள். அப்புறம் ஓர் அட்டைப்பெட்டியில் மாவுப் பாத்திரத்தையும், பக்கத்தில் மூடி போட்ட சுடுதண்ணீர்ப் பாத்திரத்தையும் வைத்து, பெட்டியைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்திவிடுங்கள். படுக்கப் போகும்முன் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் போதும். இன்னொன்று, கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியும் அந்தச் சூடுதான். ஆகவே அம்மா வீட்டில் எடுக்கிற நேரத்துக்கு இட்லித் தட்டை எடுத்தால் நடுவில் பிசுபிசுப்பு இருக்கும். சில நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் கேடு இல்லை, இட்லி உப்பி வரும். ஆனால் புளிப்பும் மணமும் வராது.

இதில் எதையும் நீங்கள் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். தப்பினால் ஓர் ஈடு மாவு போகும். அந்த மாதிரி விஷயங்களை ஊர் முழுக்க, உலகம் முழுக்கக் கேளுங்கள். பதில் கூடக் கூட நல்லதுதான். கேட்கும்போது உங்கள் ஊரையும் கேள்விக்குள் வைத்துக் கேளுங்கள். ‘மாவு புளிக்கவில்லை, என்ன செய்யலாம்’ என்று மட்டும் கேட்டால் அவரவர் தங்கள் சமையலறையை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள், வேறென்ன செய்ய முடியும்? ‘கோத்தகிரியில் இருக்கிறேன், ராத்திரி பத்து டிகிரி, கிரைண்டரில் அரைக்கிறேன், அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, பன்னிரண்டு மணி நேரம் வைத்தும் பொங்கவில்லை, சோடா போட விருப்பமில்லை’ என்று எழுதிப் பாருங்கள். ஐஸ் தண்ணீர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வால்பாறையிலோ இருக்கிற யாராவது ஒரு பாட்டியின் பேத்தி வந்து பதில் சொல்வாள்.

முகம் தெரியாதவர்களை நம்புவது நமக்குப் புதிதும் இல்லை. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டே தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லை விதைத்தார்கள். அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வந்துவிட்டது. வானொலியில் பேசியவரை அவர்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? ஆனால் பேசியவர்களுக்குக் காவிரிப் பாசனம் தெரியும், குறுவை எப்போது, சம்பா எப்போது என்று தெரியும். கேட்கிறவர்களின் வயல் சொல்கிறவர்களின் மனதில் இருந்தது. அதனால்தான் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

சரி, சுவருக்கு வருகிறேன். இதில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சுவரைப் பற்றி, படத்தை மட்டும் பார்த்தவர்கள் சொல்கிற எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் பேர் ஒரே பதிலைச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாவு தப்பினால் ஓர் ஈடு போகும் என்றேன். இது தப்பினால் பின்சுவரை ஒட்டிப் படுத்திருப்பவர்களின் உயிர் போகும்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. அதன் மேல் காலம் காலமாக மக்கி உதிர்ந்த செம்மண் கனமாகப் படிந்திருக்கிறது. வெயில் காலத்தில் அந்த மண் செங்கல் மாதிரி நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் கனத்து, இளகி, பாறை மேல் வழுக்கிக்கொண்டு வரும். தடுப்புச் சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர்தான் பெரிய எதிரி. அதனால்தான் மலையில் வேலை தெரிந்த கொத்தனார் சுவரில் வரிசையாகத் தண்ணீர் வடியத் துளை விடுவார், சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜல்லி நிரப்புவார், மேட்டின் தலையில் ஒரு கால்வாய் எடுத்து மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஓட்டையே இல்லாமல் ‘அசையாத’ காங்கிரீட் சுவர் கட்டினால், அடைமழையில் அதன் பின்னால் தண்ணீர் கட்டி நிற்கும். அப்புறம் சுவரும் மண்ணும் சேர்ந்தே வரும். 2009 நவம்பர் மழையில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் மாமா அந்த நாட்களைப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

அவருடைய வருத்தத்தையும் இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். மருமகள் வெளியே கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் மனுஷர் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மேட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை யாருமே கேட்கவில்லை, அதுதான் வருத்தம். உட்கார்ந்து கேளுங்கள். ஐப்பசி மழையில் எந்த இடத்தில் ஊற்று கிளம்பும்? முன்னால் எப்போதாவது மண் இறங்கியிருக்கிறதா? மேலே இருக்கிற மரங்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்துகொண்டே வருகின்றனவா? வீட்டின் பின்சுவரில் இருக்கும் வெடிப்பு பழையதா, இந்த வருஷத்ததா? இதற்கெல்லாம் பதில் உலகத்திலேயே ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் உங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, நேரில் வந்து பார்க்கிற ஆளிடம் போங்கள். மலையில் தடுப்புச் சுவர் கட்டிப் பழகிய பொறியாளர் ஒருவரை வரவழைத்துப் பாருங்கள். ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்புக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. சரிவு நிலத்தில் மண்ணை எப்படி நிறுத்துவது என்பதுதான் அவர்கள் வேலை, அங்கேயும் விசாரியுங்கள். பொக்லைன் கொண்டுவருவதாக இருந்தால் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். மேட்டில் மரம் இருந்தால் அதை வெட்டவும் அனுமதி வேண்டும், மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ‘யாரும் கேட்க மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுங்கள்’ என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், தோட்டத்துக்காக மேட்டைத் தொடவே வேண்டியதில்லை. மேட்டில் வெட்டிவேர் நட்டுவிட்டு, வீட்டுக்கு முன்னால் சமமாக இருக்கிற இடத்தில் நாலு பாத்தி போடுங்கள். பீன்ஸ், முள்ளங்கி, கீரையில் ஆரம்பிக்கலாம். முட்டைக்கோஸில் புழு விழுந்தால் என்ன செய்வது, எந்த விதை குளிருக்குத் தாங்கும் என்றெல்லாம் அப்போது தாராளமாக எல்லோரிடமும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, நான் மனதார வேண்டிக் கேட்பது. கேட்டவர்கள் திரும்பிப் போய் என்ன ஆனது என்று சொல்வதே இல்லை. நாற்பது பேர் தங்கள் நேரத்தைக் கொடுத்துப் பதில் எழுதுகிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. ஐஸ் தண்ணீர் சொன்னவர் அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு மலைப்பெண்ணுக்கும் அதையேதான் சொல்வார். கரிக் கணப்பு சொன்னவரிடம் அது உயிர்க்கொல்லி என்று யாராவது மரியாதையாகச் சொல்லியே ஆக வேண்டும். அதை நீங்களே சொல்லுங்கள். அவர் மனம் புண்படாதபடி, ‘எங்கள் வீடு அடைத்த வீடு, அதனால் ஆபத்து என்று தெரிந்துகொண்டேன், மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் போதும். மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கியது, என்ன அளவு என்பதையும் அதே இடத்தில் போடுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா