மாற்ற முடியாதவற்றைப் பார்த்து வீடு வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் களியக்காவிளையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. சேமிப்பு 16 லட்சம் இருக்கிறது; அவசரத்துக்கென்று 3 லட்சத்தைத் தனியே வைப்பில் போட்டிருக்கிறோம். மாமியாருக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் 5 சென்ட்டில் இரண்டு மாடி வீடு, கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, விலை 52 லட்சம். படுக்கையறைகள் இரண்டும் மாடியில் உள்ளன. மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் செய்திருக்கிறார்கள், அதற்கே 6 லட்சம் ஆனது என்கிறார் உரிமையாளர். மற்றது எல்லை தாண்டி, கேரளப் பகுதியான பாறசாலையில் 6 சென்ட்டில் ஒற்றை மாடி வீடு, 16 ஆண்டுகள் பழையது, விலை 49 லட்சம். எங்களுக்கு முதல் வீடுதான் பிடித்திருக்கிறது. ஆனால் வீடு வாங்கிய தோழிகள் அனைவரும், “அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே” என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி வருந்துகிறார்கள். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? பணத்தை எப்படிப் பிரிக்க வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தோழிகளின் வருத்தத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டீர்கள், அது நல்ல தொடக்கம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் வீட்டின் குறைகளைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை நிற்பதும் விழுவதும் அதில்தான்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி; பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் முடியாது. 52 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 41.60 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 10.40 லட்சத்தோடு, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 4.68 லட்சமும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ஆக 15.08 லட்சம். சாவி கைக்கு வரும் நாளில் உங்களிடம் 92,000 ரூபாய் இருக்கும். மாதத் தவணையோ, 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு, ஏறக்குறைய 36,100 ரூபாய். வருமானம் அதைத் தாங்கும். ஆனால் கீழ்த்தளத்தில் ஓர் அறை கட்டவோ, ஒழுகும் சுவரைச் சரிசெய்யவோ தொகை மிஞ்சாது. அவற்றுக்குத் தனிநபர் கடன் வாங்கினால், 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு 5 லட்சத்தின் தவணை மட்டும் 11,634 ரூபாய் ஆகும்.

அந்த 6 லட்சம் மர வேலையையும் இதே கண்ணோடு பாருங்கள். அது விலைக்குள் அடங்கியிருப்பதால் அதில் 4.80 லட்சத்தைக் கடனாக வாங்குகிறீர்கள்; 20 ஆண்டுகளில் அந்தக் கடன் பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் திருப்பிக் கட்டுவீர்கள். அதன் மேல் 9 சதவீதப் பத்திரச் செலவாக 54,000 ரூபாய் வேறு. நமது ஊர் ஈரத்தில் அடுப்படி அலமாரிப் பலகைகள் எத்தனை மழைக்காலம் உப்பாமல் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். இது உங்கள் ரசனையைக் குறை சொல்வதாகாது. பிற்பாடு ஆசாரியை வைத்து, கையில் காசு சேரச் சேரச் செய்துகொள்ளக்கூடிய ஒன்றுக்கு இன்றே முழு விலையும் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

எனவே நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: வாங்கிய பிறகு கொத்தனாரும் ஆசாரியும் மாற்றித் தரக்கூடியவை எவை, எவ்வளவு செலவழித்தாலும் மாற்ற முடியாதவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மாறாதவற்றில் குறை இருந்தால், விலையைக் குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.

மாற்ற முடியாதவற்றில் வழிதான் முதலாவது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2008-இல் நான் வாங்கிய வீட்டுக்கு நாலடி நடைபாதைதான் வழி. “ஆட்டோ வரைக்கும் வந்துவிடும்” என்று கட்டி விற்றவர் சொன்னதை நம்பினேன், டேப் வைத்து அளக்கவில்லை. ஒரு மழை இரவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டுத் தம்பிகள் இருவரும் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். இருபுறமும் அயலார் மதில் இருந்ததால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வழியை ஓர் அடி அகலமாக்க முடிந்திருக்காது. ஆம்புலன்ஸும் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரியும் வாசல்வரை வருமா என்று நீங்களே அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அகலம் ஆவணத்திலும் இருக்கிறதா, அது பொது வழியா, யாருடைய விளையின் (தோப்பின்) ஓரமாகவாவது போகும் வழியா என்பதையும் சர்வே வரைபடத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கிணறு. குடிநீர்க் கிணற்றுக்கும், கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 24 அடி 7 அங்குலம் இருக்க வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்கிறது. மண் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே என்பதால் மார்த்தாண்டம் வீட்டுக்கும் அதே அளவை வைத்துப் பாருங்கள். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. மனை 40 அடிக்கு 54 அடி என்று வைத்துக்கொண்டால், வீடும் போர்டிகோவும் போக மிஞ்சும் மூலைகளில் உங்கள் கிணறும் உங்கள் குழியும் ஒன்றையொன்று விலகி நிற்பதே சிரமம். மதிலுக்கு அந்தப்பக்கம் அயல்வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைக் கட்டாயம் கேளுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு, நீங்கள் கொடுக்கப்போகும் முன்பணத்தில் ஒரு துளி. கோடையின் கடைசியில் கிணற்றில் எத்தனை உறை (உட்சுவர் வளையம்) தெரிகிறது என்பதை விற்பவரிடம் கேட்பதைவிட அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்பது நல்லது.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமது பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமழையான துலாமழையும் இரண்டும் உண்டு. ஜூனிலும் நனைகிறோம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் நனைகிறோம். வீடுகளை விற்பவர்கள் பெரும்பாலும் ஜனவரியில் பெயின்ட் அடித்து, வெயில் காலத்தில் காட்டுகிறார்கள். 2021 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டமே வெள்ளத்தில் தவித்தபோது, அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று மூன்று வீடுகளில் கேளுங்கள். மூவர் பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம். சாலை ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்கிறது, வீட்டின் தரையோ உயர்வதில்லை. ஆகவே இன்று சாலைமட்டத்தில் இருக்கும் முற்றம் பத்து ஆண்டுகளில் பள்ளமாகிவிடும். ஏலாவை, அதாவது வயலை, மண்ணிட்டு மேடாக்கிய மனையா என்பதையும் விசாரியுங்கள். வீட்டுக்குள் போனதும் அலமாரியைச் சற்று நகர்த்தி, அதன் பின்னால் தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை சுவரைக் கையால் தடவிப் பாருங்கள்; பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டினாலோ, அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். இப்போது ஊரெங்கும் கட்டுகிற பெட்டி வடிவ வீடுகளில் ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடே இருப்பதில்லை. படத்தில் அழகாக இருக்கும். மேற்கிலிருந்து சாரல் அடிக்கும்போது ஜன்னல் ஓரம் முழுவதும் தண்ணீர் இறங்கிச் சுவரில் பாசி படியும். மார்த்தாண்டம் வீடும் அப்படிப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, போய்ப் பாருங்கள்.

துணி உலர்த்தும் இடமும் மீன் வெட்டும் இடமும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். ஆண்டில் பாதி நாள் மழையில் கழிக்கும் குடும்பத்துக்கு அடுப்படிக்குப் பின்னால் கூரை போட்ட ‘ஒர்க் ஏரியா’ இல்லையென்றால் ஈரத் துணி வரவேற்பறை நாற்காலிகளில்தான் உலரும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது உண்டு.

மாமியாரின் முழங்காலை நினைத்துப் பார்க்கும்போது, இரண்டு படுக்கையறையும் மாடியில் இருப்பது எனக்கு மிகவும் உறுத்துகிறது. இன்று அவர் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவார். இன்னும் ஐந்து ஆண்டுகளில் கீழ்த்தள வரவேற்பறையில் கட்டில் போடுவீர்கள். ஒரு முதியவர் தனக்கென ஒரு கதவுகூட இல்லாமல் வாழ நேரும். கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை வேண்டும். குளியலறைக் கதவுக்கு 32 அங்குலத் தெளிவான அகலம் இருந்தால்தான் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். ஒற்றை மாடி வீட்டில் கதவை அகலப்படுத்துவது சில நாள் வேலை. நிரம்பிவிட்ட 5 சென்ட்டில் புதிதாக ஓர் அறைக்கு இடமே இராது.

மொட்டை மாடியின் வெயிலையும் பாருங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் பக்கத்து விளையின் தென்னையும் ரப்பரும் கூரையில் நிழல் விழுத்தினால் பயனில்லை. ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் 30-ஐ அனுபவித்தவர்களுக்கு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பாறசாலை வீட்டுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை உண்டு, இதில் நம் மொழியே நம்மை ஏமாற்றிவிடும். கேரள வருவாய் ஆவணங்களில் ‘நிலம்’ என்றால் வயல், ‘புரயிடம்’ என்றால்தான் வீடு கட்டத்தக்க மேட்டுப்பகுதி. தமிழில் படிக்கும் நமக்கு ‘நிலம்’ என்ற சொல் இயல்பாகவே தோன்றும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வயலை முறையான அனுமதியின்றி மாற்றியிருந்தால் கடனுக்கும் மறுவிற்பனைக்கும் சிக்கல் வரும். இந்த வீடு அந்தச் சட்டத்துக்குப் பின் கட்டியதாகவே கணக்கு காட்டுகிறது. பத்திரத்தில் புரயிடம் என்றிருந்தாலும், வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

அது சரியாக இருந்து, கிணற்றின் அளவும் வழியின் அகலமும் தேறினால், என் தேர்வு பாறசாலை வீடுதான். 16 ஆண்டு வயரிங்கையும் பழைய தரையையும் காட்டி 46 லட்சத்துக்குக் கேளுங்கள். அதில் 36.80 லட்சம் கடன், தவணை சுமார் 31,900 ரூபாய். கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2 என்று 10 சதவீதம் போகும் என்பதால் உங்கள் கையிலிருந்து 9.20 லட்சமும் 4.60 லட்சமும் செலவாகும். மிஞ்சும் 2.20 லட்சத்தில் முதலில் வயரிங், பிறகு குளியலறைக் கதவும் கைப்பிடிகளும். தரை ஓடுகள் காத்திருக்கட்டும். அவசர வைப்பான 3 லட்சத்தை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் போடாதீர்கள். வேலை ஒன்று தடைப்பட்டால் ஒன்பது தவணைகளை அதுதான் காப்பாற்றும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று இடைத்தரகர் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, கடன் தொகையும் குறையும், நாளை விற்கும்போது லாப வரியும் கூடும். மார்த்தாண்டம் வீட்டையே வாங்குவது என்று முடிவானால், விலை 50 லட்சத்துக்கு மேல் போவதால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு உங்களுடையது.

இரண்டு வீடுகளுமே கிணற்றிலோ வழியிலோ தவறினால், இந்த ஆண்டு வாடகையிலேயே இருங்கள். அடுத்த முறை ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்துவிட்டால், இடவப்பாதி பெய்யும் ஒரு மாலையில் குடையோடு மறுபடி போய், முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.