எந்த விரல் என்று முதலில் சொல்லுங்கள்: கை வலிக் கேள்வி பதில்

பர்மாவின் ரங்கூனில் பிசியோதெரபி பார்க்கிறேன். முழங்கையில் தொடங்கி விரல் நுனி வரைதான் என் எல்லை. ‘கை வலிக்கிறது’ என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த இடம், எந்த விரல், எந்த நேரம் என்று எழுதுங்கள்.

கேள்வி (டீக்கடைக்காரர், ரங்கூன்): வலது முழங்கையின் வெளிப்பக்கம் மூன்று மாதமாக வலி. மேசைக்கு மேசை தேநீர் பிளாஸ்க்கைத் தூக்கி வைத்தால் உயிர் போகிறது. எண்ணெய் போட்டு நீவியும் கேட்கவில்லை.

பதில்: நல்ல கேள்வி அண்ணே, இடத்தைச் சொல்லிவிட்டீர்கள். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கள். கடைப் பையன் யாராவது புறங்கையைக் கீழே அழுத்தட்டும். வெளிப்பக்க எலும்பு முனையில் சுரீர் என்றால் அது டென்னிஸ் எல்போ. மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் நாண் எலும்போடு சேரும் இடம் நைந்திருக்கிறது. பெரும்பாலும் 35 வயதிலிருந்து 55 வரை உள்ளவர்களுக்கு வரும். ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் வருவதும் இதுதான்.

நீவுவதை நிறுத்துங்கள். பிளாஸ்க்கைப் பக்கவாட்டில் பிடித்து, கட்டைவிரல் மேலே இருக்கும்படி தூக்குங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மணிக்கட்டை மேலே உயர்த்திவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஒரு தடவைக்கு 15 முறை, தினமும் மூன்று தடவை. கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. முன்னேற்றம் தெரியவே சில வாரம் ஆகும். பலருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். ஸ்டெராய்டு ஊசி சில வாரம் சொர்க்கமாக இருக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே தேவலை என்பதுதான் ஆய்வுகளில் தெரிந்தது.

கேள்வி (துவாண்டே): ஏழு மாத கர்ப்பம். ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதற வேண்டியிருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை.

பதில்: சுண்டுவிரலைப் பற்றியும் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது தங்கச்சி. மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு நெரிபடுகிறது, கார்ப்பல் டனல். கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோப்பதால் வருவது, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும். அதுவரை மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும் பட்டையை ராத்திரி மட்டும் போடுங்கள், இறுக்காமல். கட்டைவிரல் அடிச்சதை வற்றினால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி (ரங்கூன்): எனக்கும் கை மரத்துப்போகிறது, என்ன மருந்து?

பதில்: எந்த விரல்?

கேள்வி (மோல்மேன்): மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்து மூன்று மாதம். போன் அதிகம் பேசுவதால் என்கிறார்கள். முன்கையில் வெளிறிய தேமல் ஒன்றும் இருக்கிறது.

பதில்: அந்த இரண்டு விரலும் அல்நார் நரம்பின் பேட்டை. முழங்கையை மடக்கியே வைத்துப் போன் பேசினால் அது இழுபட்டு மரக்கும், உண்மைதான். ஆனால் தம்பி, கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய தேமலைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சால் அதைத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லையா? முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவுங்கள். மறுகையைவிடத் தடித்து உருள்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் தொழுநோய்ப் பரிசோதனைக்கு இந்த வாரமே போங்கள். பர்மா 2003-ல் ஒழிப்பு இலக்கை எட்டியது. அந்த இலக்கு பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகக் கொண்டுவருவது; நோயே இல்லாமல் போய்விடவில்லை. மாத்திரை இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ. விரல் மடங்கிப்போன பிறகு வந்தால் அறுவை சிகிச்சையில்தான் நிற்கும். நம் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் நாண்களை மாற்றித் தைத்துச் சரிசெய்த கைகள் அப்படிப்பட்டவைதான். வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி (தட்டோன்): ஆறு வயது மகன் நேற்றுக் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முழங்கை வீங்கியது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ராத்திரி முழுக்க அழுகை. விரல் வீங்கியிருக்கிறது.

பதில்: அக்கா, மேலே படிக்காதீர்கள். கட்டை முழுதும் அவிழ்த்துவிட்டு, கை இருக்கிற நிலையிலேயே தாங்கிப் பிடித்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெகு பெரியவர்: இப்படிப் பயமுறுத்தலாமா? என் மணிக்கட்டை இந்த வைத்தியர்கள்தான் சேர்த்தார்கள். இன்றும் அரிசி மூட்டை தூக்குகிறேன்.

பதில்: ஐயா, உங்கள் மணிக்கட்டு சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. குழந்தையின் முழங்கை வேறு. மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் உள்ளே வீக்கம் ஏறும். வெளியே கட்டு விட்டுக்கொடுக்காது. நடுவில் சிக்கிய தசை, ரத்தம் கிடைக்காமல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். பிறகு அது சுருங்கி விரல்களை நிரந்தரமாக மடக்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மான் இதை விவரித்து எழுதியது 1881-ல். இன்னும் அதே கதை.

பெகு பெரியவர்: நாடி துடிக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும். மடங்கிய விரலை லேசாக நிமிர்த்தும்போது பிள்ளை அலறுகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். வைத்தியர் யார் என்பதல்ல ஐயா என் சண்டை, இறுக்கிய கட்டோடுதான். மாவுக்கட்டு போட்ட டாக்டராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

தட்டோன்: அவிழ்த்துவிட்டோம். வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம்.

பதில்: நல்லது. போகும்வரை சாப்பாடு கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.

கேள்வி (பெகு): குழந்தைக்கு நாலு மாதம். முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைக்கும்போது கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி.

பதில்: கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கமாகச் சாயுங்கள். வலியில் உயிர் போனால் டி குவெர்வேன், அதாவது கட்டைவிரல் நாண்களின் உறை தடித்து அவற்றை நெரிப்பது. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், முன்கைகளால் அடியில் ஏந்தித் தூக்குங்கள். தனக்காவை வீட்டுக்காரர் அரைக்கட்டும்.

கேள்வி (ரங்கூன்): காலையில் மோதிர விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று விடுபடுகிறது. நீங்களோ ஊசி வேண்டாம் என்கிறீர்கள்.

பதில்: டென்னிஸ் எல்போவுக்கு வேண்டாம் என்றேன். உங்களுக்கு வந்திருப்பது டிரிகர் ஃபிங்கர். தையல் ஊசியின் காதில் சிக்கிய நூல் முடிச்சு மாதிரி, தடித்த நாண் உறைக்குள் நுழைய மறுக்கிறது. இதற்கு ஸ்டெராய்டு ஊசி நன்றாகக் கேட்கும். முதலில் சர்க்கரை பாருங்கள். இருந்தால் பலன் குறையும், ஊசியால் சில நாள் சர்க்கரையும் ஏறும்.

கேள்வி: கை மரத்துப்போகிறது டாக்டர்.

பதில்: நான் டாக்டர் இல்லை. எந்த விரல்?

கேள்வி: முழங்கால் வலிக்கு?

பதில்: என் எல்லை முழங்கை.

கேள்வி (மோல்மேன்): உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனாலும் வலிக்கிறது.

பதில்: கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சிறு மணிக்கட்டு எலும்பின் முறிவாகவே எண்ணுங்கள். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது, அதனால் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடந்து செத்துப்போக வாய்ப்புண்டு. கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைத்து, 10 முதல் 14 நாளில் மறு எக்ஸ்ரே எடுங்கள். பட்டை இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லுங்கள்.