கட்டுப்போட்ட காலோடு களமிறங்கலாமா?

(மேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர் எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள சார்,

பனிக்களத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் பெண்கள் கபடி அணியின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யு தலையில் கட்டோடு ஆடியதைச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, பிள்ளைகள் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் முக்கியமான ரெய்டர் பதினோராம் வகுப்புப் பிள்ளை. பத்து நாள் முன்பு பயிற்சியில் அவளுக்கு வலது கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டில் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய்க்கட்டு போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. நடக்கிறாள், ஆனால் லேசாக விந்துகிறாள். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. ஆடியே தீருவேன் என்று நிற்கிறாள். “அவரு மண்டையில கட்டோட ஆடலையா சார், எனக்கு வெறும் காலுதான?” என்று கேட்கிறாள்.

அப்பா கொத்தனார். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட், அப்புறம் போலீஸ் வேலை என்று அந்த வீடே இவளை நம்பியிருக்கிறது. இவள் இல்லாமல் எங்கள் அணி அரையிறுதியைத் தாண்டாது என்பதும் உண்மை. விலகு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆடு என்று சொல்ல மனசு வரவில்லை. எந்த இடத்தில் கோடு போடுவது சார்?

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவி பார்த்தது அத்தனையும் நடந்ததுதான். 2014 நவம்பர், ஷாங்காயில் சீனக் கோப்பை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆறு நிமிட வார்ம்-அப்பில் ஹன்யுவும் சீன வீரர் ஹான் யானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். ஹன்யு கொஞ்ச நேரம் பனியைவிட்டு எழவில்லை. இது வீரத்தைக் காட்டும் நேரமில்லை, உடம்பைப் பார் என்று பயிற்சியாளர் பிரையன் ஆர்சர் அவரிடம் சொன்னார். அவர் கேட்கவில்லை. தலையைச் சுற்றிக் கட்டு, தாடையில் பிளாஸ்திரி, அந்தக் கோலத்திலேயே களத்துக்கு வந்தார். ஐந்து முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த தாவலுக்குப் போனார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மதிப்பெண் வந்தபோது முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். மோதிய இன்னொருவரும் அன்றைக்கு ஆடினார். ஹான் யானை இன்று யாரும் நினைப்பதில்லை.

அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதை முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். அன்று அவருக்கு அடிபட்டது தலையில். ஆடலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய உறுப்பே அடிவாங்கியிருக்கும்போது, அந்த மனிதரிடம் போய் ‘என்ன செய்யப்போகிறாய்’ என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே அன்றைக்கு ஆளை வெளியே உட்கார வைக்க வேண்டும் என்பது இன்று விளையாட்டு மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. கபடியில் முட்டி தலையில் இடித்து ஒரு பிள்ளை கண் சொருகி நின்றாலும் இதேதான். அங்கே கோடு போட யோசிக்கவே வேண்டாம்.

‘வெறும் காலுதான’ என்கிறாளே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2002இல் ஆண்டிகுவாவில் அனில் கும்ப்ளே உடைந்த தாடையோடு பந்துவீசி லாராவை வீழ்த்தினார். முகத்தைச் சுற்றிய அந்த வெள்ளைக் கட்டை நம்மில் மறந்தவர் இல்லை. பதினான்கு ஓவர் போட்டார், மறுநாள் அறுவை சிகிச்சைக்காக ஊருக்கு விமானம் ஏறினார். தாடை வலித்திருக்கும், உயிர் போகிற மாதிரி வலித்திருக்கும். ஆனால் பந்துவீசத் தேவையான தோளும் மணிக்கட்டும் காலும் நன்றாக இருந்தன. உங்கள் மாணவிக்கு அடிபட்டிருப்பது அவள் வேலை செய்யும் உறுப்பிலேயே. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலில் நின்று, சட்டென்று உடம்பைத் திருப்பி நடுக்கோட்டுக்கு ஓடிவர வேண்டியவள் அவள். அந்தத் திருப்பம் முழுவதும் கணுக்காலில்தான் இறங்குகிறது.

ஸ்கேட்டருக்கு இல்லாத ஓர் ஆபத்தும் இவளுக்கு உண்டு. பனிக்களத்தில் யாரும் காலைப் பிடித்து இழுப்பதில்லை. கபடியில் கார்னர் ஆட்டக்காரியின் வேலையே கணுக்காலைப் பிடிப்பது. கட்டுப்போட்ட காலோடு இவள் உள்ளே போனால் எந்தக் காலைப் பிடிக்க வேண்டும் என்று எதிரணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் களத்தில் நின்று வளர்ந்தவர், இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வலி குறைந்துவிட்டது என்பதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. கால் எந்தக் கோணத்தில் தரையில் படுகிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் உணர்வு தசைநார் பிசகினால் மங்கிவிடும். வலி போன பிறகும் அது திரும்ப நாளாகும். ஒருமுறை பிசகிய கால் அடிக்கடி பிசகுவதற்கு இது பெரிய காரணம்.

அவளுக்குக் காட்ட வேண்டிய ஹன்யு வேறொருவர் இருக்கிறார். 2017 நவம்பர், ஒசாகாவில் என்.எச்.கே. கோப்பைப் போட்டிக்கான பயிற்சி. காற்றில் நான்கு முறை சுழலும் லுட்ஸ் தாவலில் இறங்கும்போது வலது கணுக்கால் மடங்கி விழுந்தார். அவர் எந்தத் தாவலிலும் இறங்குவது அந்த வலது காலில்தான். ஒற்றைக் காலில், கத்தி விளிம்பில், உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமை இறங்கும். குளிர்கால ஒலிம்பிக்கிற்கு மூன்று மாதம்தான் பாக்கி. ஷாங்காயில் யார் சொல்லியும் கேட்காத அதே மனிதர் இந்த முறை விலகினார். இந்தக் கோப்பையும் சேர்ந்த கிராண்ட் பிரீ தொடரின் இறுதியை 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு வருடம் வென்றவர். ஐந்தாவதற்கான வாய்ப்பு அதோடு போயிற்று. ஜப்பான் தேசியப் போட்டியையும் விட்டார். ஜனவரியில்தான் மறுபடி பனியில் கால் வைத்தார். ஒலிம்பிக் நடந்த பியோங்சாங்கில் லுட்ஸையும் லூப்பையும் தன் நான்கு சுழற்சித் தாவல்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கால் தாங்கக்கூடிய சால்கோவையும் டோ லூப்பையும் மட்டும் வைத்துக்கொண்டார். 2018 பிப்ரவரி 17, தங்கம். 2014ஐ அடுத்து இது அவருக்கு இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் பிரிவில் அப்படி அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன் கடைசியாக டிக் பட்டன், 1948இலும் 1952இலும். அடுத்த மாதம் வந்த உலகப் போட்டியிலிருந்து அந்தக் காலுக்காகவே மறுபடி விலகிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் காயத்தோடு ஆடியிருக்கிறார், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2022இல் பெய்ஜிங்கில் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அதே கால் மடங்கியது. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு, போட்டிகளில் அதுவரை யாரும் முழுமையாக இறங்கியிராத நான்கு சுழற்சி ஆக்ஸெல் தாவலை முயன்றார். விழுந்தார், நான்காவது இடம். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு அப்போது 27 வயது. கையில் இரண்டு தங்கம். தன் கால் என்ன ஆகும் என்று தெரிந்து, தன் கடைசி ஒலிம்பிக்கில் எடுத்த முடிவு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை எடுக்கும் சுமையைக் கொடுப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஊசி என்றதும் ஒன்று. அமெரிக்க ஜோடி டாய் பாபிலோனியாவும் ராண்டி கார்ட்னரும் 1979 உலகச் சாம்பியன்கள். 1980இல் சொந்த நாட்டிலேயே, லேக் பிளாசிட்டில் ஒலிம்பிக். கார்ட்னருக்குத் தொடை இடுக்கில் காயம். மரத்துப்போக ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி போயிற்று, கூடவே கால் தன் வசத்தில் இருக்கிற உணர்வும் போயிற்று. வார்ம்-அப்பில் தாவல்களில் மாறி மாறி விழுந்தார். ஜோடி ஆட்டத்தில் அவர் செய்ய வேண்டியது ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சறுக்குவது. இருவரும் விலகினார்கள். அவர் விழுந்திருந்தால் உடைவது அவர் கால் மட்டுமாக இருந்திருக்காது. போட்டியன்று காலையில் உங்கள் பிள்ளைக்கு ஊசியோ ஸ்ப்ரேயோ அடித்து இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நிறுத்து என்று சொல்ல அவளிடம் மிச்சமிருப்பது அந்த வலி மட்டும்தான்.

எப்போது விலகுவது என்ற கேள்வியில் ‘எப்போது’ என்பதை அப்படியே நாள் கணக்காகவும் எடுத்துக்கொள்ளலாம். மிஷெல் குவான் ஐந்து முறை உலகச் சாம்பியன், ஒலிம்பிக் தங்கம் மட்டும் வாய்க்கவில்லை. 2006இல் டூரினுக்குப் போய் முதல் பயிற்சியிலேயே தொடை இடுக்கில் காயம் வலித்தது. மறுநாளே, பெண்கள் போட்டி தொடங்கப் பல நாள் இருக்கும்போதே, விலகினார். அந்த இடத்தில் எமிலி ஹ்யூஸ் வந்து ஆடி ஏழாவதாக முடித்தார். 2014இல் சோச்சியில் யெவ்கெனி பிளுஷென்கோ அணிப் போட்டியில் ரஷ்யாவுக்குத் தங்கம் வாங்கித் தந்துவிட்டு, தனிநபர் போட்டியன்று வார்ம்-அப்பில் முதுகைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் போய் விலகினார். பல அறுவை சிகிச்சைகளைக் கண்ட முதுகு அது, நடிப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆண்கள் பிரிவில் ரஷ்யாவுக்கு இருந்தது ஒரே இடம். இரண்டு மாதம் முன் தேசியப் போட்டியில் அவரையே வென்ற பதினெட்டு வயது மாக்ஸிம் கோவ்துன் ஊரில் இருந்தார். அந்த நேரத்தில் யாரையும் மாற்ற வழியில்லை. இடம் காலியாகவே போனது.

உங்கள் பட்டியலில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், ஏழு பேர் ஆடுவார்கள். வெளியே உட்காருகிற ஐந்து பேரில் ஒரு பிள்ளை ரெய்டு போகக் காத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் இன்றைக்கே சொன்னால் ஒரு வாரம் தயாராகலாம். ஆட்டத்தின் நடுவில் இவள் கால் மடங்கிய பிறகு சொன்னால் அந்தப் பிள்ளைக்கும் அது அநியாயம்.

கௌரவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மதுரைப் பக்கத்தில் காயத்தோடு நிற்பதற்கு ஒரு மரியாதை உண்டு, விலகினால் பேச்சு வரும். அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் தொடையில் ரத்தம் வழிய அடுத்த மாட்டுக்காக வாடிவாசலையே பார்த்து நிற்கிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரிசாக ஒரு கார் நிற்கிறது, யார்தான் போவார்கள்? ஆனால் அதே இடத்தில் காலையில் மருத்துவக் குழு உட்கார்ந்து ஒவ்வொரு வீரரையும் பரிசோதிக்கிறது. தகுதியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பியவனை ஊரில் யாரும் பயந்தவன் என்று பேசுவதில்லை. முடிவை அவன் கையிலிருந்து எடுத்துவிட்டதால் அவன் மானம் காப்பாற்றப்படுகிறது. உங்கள் மாணவிக்கும் அந்த உதவியைச் செய்யுங்கள். ‘நீயே சொல்லும்மா, ஆட முடியுமா’ என்று அவளைக் கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வாள். அந்த வீட்டில் பிறந்து வேறு என்ன சொல்வாள்?

சீட்டும் போலீஸ் வேலையும் சின்ன விஷயமில்லை. ஹன்யு விலகினால் ஒரு பதக்கம் போகும், இவள் விலகினால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை ஆடிப்போகும். அதனால்தான் அந்த அப்பாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேச வேண்டும் என்கிறேன். பதினோராம் வகுப்புதான், அடுத்த வருடம் முழுசாக இருக்கிறது. போலீஸ் தேர்விலும் ஓட்டம் உண்டு, நீளம் தாண்டுதல் உண்டு. அந்தக் கால் வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே. மேலூர் அரசு மருத்துவமனையிலோ, தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ எடுத்துவிடுங்கள். கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா, அடிபட்ட அன்று நான்கு எட்டு வைக்க முடிந்ததா என்று டாக்டர் கேட்பார், இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய விரிசல் எண்ணெய்க்கட்டுக்குள் தெரியாது. எலும்பில் ஏதாவது இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எலும்பு நன்றாக இருந்து, ஆடிப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னால், போட்டிக்கு மூன்று நாள் முன்பு மைதானத்தில் சோதியுங்கள். மாத்திரை, ஸ்ப்ரே எதுவும் இல்லாமல். அடிபட்ட காலில் மட்டும் நின்று கண்ணை மூடட்டும். அதே காலில் நொண்டியடித்து களத்தின் நீளத்தைக் கடக்கட்டும். 8 வடிவில் வளைந்து ஓடட்டும். கடைசியாக ஒரு முழு ரெய்டு, எதிரில் உங்கள் அணியின் நல்ல கார்னரை நிறுத்தி. இடது காலில் எப்படிச் செய்கிறாளோ அப்படியே வலது காலிலும் வர வேண்டும். ஒன்றில் தடுமாறினாலும் மாவட்டப் போட்டியில் அவள் வெளியே. இந்த நிபந்தனையைச் சோதனைக்கு முந்தைய நாளே அவளும் அவள் அம்மா அப்பாவும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். சோதனையன்று மைதானத்தில் பேரம் கூடாது. பார்த்துச் சொல்கிற ஆள் நீங்களாகவும் இருக்க வேண்டாம். அவள் ஆடினால் ஜெயிக்கப்போவது உங்கள் அணி. பக்கத்துப் பள்ளியில் அந்தப் போட்டிக்கு அணி அனுப்பாத உடற்கல்வி ஆசிரியர் யாராவது இருந்தால் அவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

விந்துகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த எனக்கு அவள் இந்தச் சோதனையைத் தாண்டுவாள் என்று தோன்றவில்லை. ஆகவே அந்த இன்னொரு பிள்ளைக்கு நாளைக் காலையிலிருந்தே ரெய்டு பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். அவளுக்கு எதிரணி கார்னர் எந்தப் பக்கம் பாய்வாள் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர, அடிபட்ட பிள்ளையையே உட்கார வையுங்கள். எக்ஸ்ரேயில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.