ஓய்வுக்காலக் கணக்கிலுள்ள பங்குகளுக்கு வரும் ஈவுத்தொகை என்னவாகிறது?

ஈவுத்தொகை என்பது ஒரு நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். அமெரிக்காவில் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) போன்ற ஓய்வுக்காலக் கணக்கில் பங்கு வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் நேரடியாகக் கைக்கு வராது. அந்தக் கணக்கிலேயே ரொக்கமாகச் சேரும், அல்லது மறுமுதலீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதே பங்கை மேலும் வாங்கப் பயன்படும்.

அந்த ஆண்டில் அதற்கு வரி இல்லை. காரணம், வரிச்சட்டம் கணக்குக்குள் நடக்கும் வரவைப் பார்ப்பதில்லை. வெளியே எடுப்பதைத்தான் பார்க்கிறது. தோப்புக்குள் விழும் காயை யாரும் எண்ணாமல், வாசலைத் தாண்டும் மூட்டைக்கு மட்டும் சுங்கம் வாங்குவதைப் போன்றது இது. வரிக்கழிவு பெற்றுப் பணம் போட்ட மரபு ஐஆர்ஏவிலிருந்து எடுக்கும்போது, முதல் எது, ஈவுத்தொகை எது என்ற பேதமின்றி முழுத் தொகையும் சாதாரண வருமானமாகவே கருதப்படும் என்பதால், வெளியிலுள்ள சாதாரண முதலீட்டுக் கணக்கில் தகுதியுள்ள (சட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும்) ஈவுத்தொகைக்குக் கிடைக்கும் குறைந்த வரி விகிதம் இங்கே கிடைக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 59½ வயதுக்கு முன் எடுத்தால், சில விலக்குகள் தவிர, 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் ஐஆர்ஏவில் அந்த வயதும், முதல் பங்களிப்பு செய்த வரியாண்டிலிருந்து 5 ஆண்டு என்ற நிபந்தனையும் நிறைவேறினால் வரியே கிடையாது.

மறுமுதலீடாகும் ஈவுத்தொகை ஆண்டுப் பங்களிப்பு வரம்பை (2025இல் 50 வயதுக்குட்பட்டோருக்கு 7,000 டாலர்) தின்றுவிடும் என்று நினைப்பது தவறு. நீங்கள் வெளியிலிருந்து போடும் பணம் மட்டுமே பங்களிப்பு.