ஃப்ரான்டெக்ஸை யார் கேள்வி கேட்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸை மனித உரிமை மீறலுக்குப் பொறுப்பாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கடினம்.

2019 சட்டப்படி அதற்குள்ளேயே ஓர் அடிப்படை உரிமை அதிகாரியும், குறைந்தது 40 கண்காணிப்பாளர்களும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் புகார் தரலாம். சரி, அப்புறம்? அகதிகள் வந்த படகைத் திருப்பி விரட்டியது உள்நாட்டுக் காவலரா, ஃப்ரான்டெக்ஸா என்று நிரூபிக்க வேண்டும். நடுக்கடலில் உயிருக்குப் போராடியவரிடம் ஆதாரம் எங்கே இருக்கும்? எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

வெளியிலிருந்து அழுத்தம் வந்தபோதுதான் ஏதாவது அசைந்திருக்கிறது. ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகம் நடத்திய விசாரணைக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் ஃப்ரான்டெக்ஸின் தலைவர் ஃபாப்ரிஸ் லெஜேரி பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அமைப்பின் 2020 கணக்குக்கு ஒப்புதல் தர மறுத்தது.