புழுவுக்குக் கொஞ்சம் இலை

அன்புள்ள ஐயா,

ஒயிட்ஃபீல்டில் வசிக்கிறேன். ஹவாய்த் தீவுகளில் வாழும் பிளாக்பர்ன் அந்துப்பூச்சி பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். ஒரு வகை மரத்தையே நம்பியிருந்ததால் அழியும் நிலைக்குப் போய்விட்டதாம். மாறத் தெரியாத உயிர் அழிவது இயற்கைதானே, அதைக் காப்பாற்ற இத்தனை செலவு ஏன்? இரவு விளக்குகளால் அந்துப்பூச்சிகளுக்குக் கெடுதல் என்பது உண்மையா? எங்கள் பால்கனிக்குப் பட்டாம்பூச்சிகள் வர என்ன செடி வைக்கலாம்?

கவிதா, பெங்களூரு

அன்புள்ள கவிதா,

விளக்கு கெடுதல்தான். தேவையில்லாதபோது அணைத்துவிடுங்கள். செலவுக் கணக்கை நான் பேசப்போவதில்லை.

'மாறத் தெரியாத உயிர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஆள்குறைப்பு அன்று மேலாளர்கள் பேசுகிற பேச்சு அது. ஒரு பூச்சியிடம் போய் அதைப் பேசலாமா?

நீங்கள் பார்த்த பூச்சியையே எடுத்துக்கொள்வோம். அதன் புழுக்கள் தின்றது ஐயேயா என்று ஹவாய்க்காரர்கள் சொல்லும், கத்தரிக் குடும்பத்து மரங்களின் இலையை. கால்நடைகளும் காட்டுத்தீயும் வறண்ட காடுகளை அழிக்க, மரங்கள் அருகின. பூச்சி அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1984இல் மாவி தீவில் மறுபடி கண்ணில் பட்டது. 2000இல் அமெரிக்க அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. ஹவாய்ப் பூச்சிகளில் அப்படிச் சேர்ந்த முதல் பூச்சி அதுதான். இதற்கிடையில் தாய்ப்பூச்சிகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்து களையாகப் பரவிய மரப்புகையிலையில் முட்டையிட ஆரம்பித்திருந்தன. அதுவும் கத்தரிக் குடும்பம். புழுக்கள் அதைத் தின்று வளர்ந்தன. இப்போது அந்தக் களையைப் பிடுங்குவதென்றாலும் முதலில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் எப்படி மாறுவது, சொல்லுங்கள்?

எல்லா இலையையும் தின்றுவிட்டுப் போக முடியாது. செடி தன்னைக் காத்துக்கொள்ள இலையில் நஞ்சு வைக்கிறது. ஒரு குடும்பத்து நஞ்சைச் செரிக்கப் பழகிய புழுவுக்கு வேறு குடும்பத்து இலை எமன். அதனால்தான் தாய் காலால் தொட்டுச் சுவை பார்த்து முட்டையிடுகிறாள். வளர்ந்த பூச்சியோ நம் கடற்கரைகளிலும் படரும் அடும்பின் பூவில் தேன் குடிக்கும், கொடிவேலிப் பூவுக்கும் போகும். பூ விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. பிடிவாதமெல்லாம் இலையில்தான்.

நம் அடுக்குமாடிகளில் 'பட்டாம்பூச்சித் தோட்டம்' என்று பலகை வைக்கிறார்களே, பாருங்கள். எல்லாம் பூ. இலையில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், அடுத்த நாளே மருந்து தெளிக்க ஆள் வந்துவிடுவான். விருந்தாளி வரலாம், பிள்ளை பெறக் கூடாது என்கிற வீடு!

அல்சூரில் என் சித்தி வீட்டு வாசலில் நந்தியாவட்டை இருந்தது. காலையில் பூஜைக்குப் பூ பறிக்கும்போது சித்தி புழுவையும் பார்ப்பாள். விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் ஒரு கொம்பு, சீண்டினால் கழுத்தருகே இரண்டு நீலக்கண் விரியும். அரளி, நந்தியாவட்டை இரண்டிலும் வருகிற பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அரிதெல்லாம் இல்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிமருந்துப் பொடியோடு வந்து நின்றார். "துளிர்க்கும், விடுங்க" என்றாள் சித்தி. பூச்சியியல் ஒன்றும் படித்தவள் இல்லை, மூன்றாம் வகுப்பு. செடி கிட்டத்தட்ட மொட்டையாகி, பிறகு துளிர்க்கத்தான் செய்தது. எனக்கு அப்போது புழு என்றாலே அருவருப்பு, கிட்டே போகமாட்டேன். நன்றாகத் தின்று முடித்ததும் புழு பழுப்பாகிக் கீழே இறங்கும், சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். அந்த மூலையை மட்டும் சித்தி பெருக்கவிட மாட்டாள். உங்கள் வளாகத்தில் சருகு ஏது? தரையெல்லாம் டைல்ஸ்தானே.

சரி, பால்கனி. தொட்டியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள், அழகிகள் சிலர் முட்டையிட வருவார்கள். இடம் இருந்தால் நந்தியாவட்டை. உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே விடுங்கள். செயலாளர் மருந்து தெளிக்க ஆள் அனுப்பினால் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்காதீர்கள். செடி மொட்டையான பிறகு 'என்ன மருந்து அடிக்கலாம்' என்று கேட்டு எனக்கு எழுதினால் பதில் வராது.