"வளர்ப்பு சரியில்லை" என்பதுதான் சிறார் குற்றங்களுக்குக் காரணமா?

"அப்பன் குடிகாரன், அதான் பையன் இப்படி" என்று ஊரில் சொல்வது எவ்வளவு உண்மை என்பது கேள்வி. தொடர்பு இருக்கிறது. ஆனால் ஊர் எதை 'பின்னணி' என்கிறதோ அதில் பெரும்பாலும் விஷயம் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பிடிபட்ட சிறார்களைப் பெற்றோருடன் இருப்பவர்கள், பாதுகாவலருடன் இருப்பவர்கள், வீடற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்துப் போடும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெற்றோருடன் இருப்பவர்கள்தான். ஆதரவற்ற பிள்ளைகள்தான் திருடுவார்கள் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. பிடிபட்டவர்கள் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே அடிதடிக்குக் குடிசைப் பகுதிப் பையன் மேல் வழக்குப் பதிவாகும். வசதியான வீட்டுப் பையனை அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

லண்டனின் தென்பகுதியில் 8, 9 வயதுப் பையன்கள் 411 பேரை 1961-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள் (டொனால்ட் வெஸ்ட், பிறகு டேவிட் ஃபாரிங்டன்). குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிவான தண்டனைகளில் பாதி, வெறும் 6 சதவீதக் குடும்பங்களில் குவிந்திருந்தது. இதைப் படித்துவிட்டு "ரத்தத்திலேயே இருக்கு" என்று கிளம்புவார்கள். அதே ஆய்வு, கண்காணிப்பு இல்லாமை, கடுமையான அடி, பெற்றோர் சண்டை, வறுமை ஆகியவற்றையும் காரணிகளாகக் காட்டியது. அமெரிக்காவில் குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் பார்த்தது இன்னும் தெளிவு: அப்பா இல்லாவிட்டாலும் பாசமான அம்மா இருந்த வீட்டைவிட, இரண்டு பேரும் இருந்து ஓயாமல் சண்டை போட்ட வீட்டில்தான் பிள்ளைகள் அதிகம் தவறிப் போனார்கள். நம் ஊரில் இன்னும் "தகப்பன் இல்லாத வீடு" என்பதையே முதல் காரணமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் அது எப்படி நடக்கிறது? "போனை வை" என்கிறார் அம்மா. பையன் கேட்கவில்லை. நான்காவது முறை கத்துகிறார், அவனும் கத்துகிறான், ஏதோ தட்டு பறக்கிறது. "எப்படியோ தொலை" என்று அம்மா விட்டுவிடுகிறார். தான் ஒரு படி ஏறினால் எதிராளி இறங்குவார் என்பதைப் பையன் அந்த நிமிடம் கற்றுக்கொள்கிறான். அடுத்த வாரம் குடித்துவிட்டு வந்த அப்பா, அதே போனுக்காகப் பெல்ட்டை எடுக்கிறார். ஒரே தப்புக்கு ஒருநாள் ஒன்றுமில்லை, இன்னொரு நாள் ரத்தம் வரும் அடி. அடி தப்பைப் பொறுத்து வருவதில்லை, அப்பாவின் போதையைப் பொறுத்து வருகிறது. அதனால் அவன் விதியைக் கற்பதில்லை, ஆள் பார்த்து நடக்கக் கற்கிறான். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விளக்கிய சுழற்சி இதுதான். வறுமை இதை நேரடியாக உண்டாக்குவதில்லை. இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு நான்காவது முறை நிதானமாகச் சொல்லத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது மாலை 5 முதல் இரவு 10 வரை. பையன் எங்கே, யாரோடு, எப்போது வருவான் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? அந்த இடைவெளியில்தான் ஏரியா 'அண்ணன்' வருகிறார். பிரியாணி, வண்டி ஓட்டக் கொடுப்பது, பிறகு ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது. "உனக்கு 18 ஆகல, ஒண்ணும் ஆகாது" என்பார். சிறாரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் (2015) பிரிவு 83-இன்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம் உண்டு. பையனின் வழக்கறிஞர் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

வசதியும் ஒரு பின்னணிதான். 2024-இல் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி முதலில் ஜாமீன் கொடுத்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டூவீலருக்கும் இதேதான்.

குடும்பப் பின்னணி சட்டப்படி கணக்கில் வரும் இடம், நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆபீசர்) இரண்டு வாரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை. கெடுவதும் இங்கேதான். பகல் 11 மணிக்குப் போவார்கள், வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டில் கேட்டு "ஏழ்மை, தந்தை குடிப்பழக்கம், தீய நட்பு" என்று எழுதிவிடுவார்கள். இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு குழுமம் என்ன செய்ய முடியும்? போக வேண்டியது இரவு 7 மணிக்கு. பள்ளியை நிறுத்திய மாதம் எது, அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, அவன் எங்கே படுக்கிறான், யார் சொன்னால் கேட்பான் என்று விசாரிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். தாய்மாமனோ ஆயாவோ பொறுப்பேற்க வந்தால், 'தகுதியான நபர்' என்று குழுமம் ஏற்கும்பட்சத்தில் அவர் கண்காணிப்பில் 3 ஆண்டு வரை நன்னடத்தையில் விடலாம். குற்றம் செய்ததாக முடிவான சிறாரை வைக்கும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பத் தேவை வராது.

ஜாமீன் மறுக்கக் காரணங்கள் மூன்றுதான்: தெரிந்த குற்றவாளிகளோடு சேரும் வாய்ப்பு, பையனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது. ஏழை, அப்பா இல்லை என்பதெல்லாம் காரணமே இல்லை.

பெற்றோர் செய்யும் தவறு இரண்டு வகை. ஒருவர் "என் பிள்ளை தங்கம் சார்" என்பார். இன்னொருவர் "உள்ளேயே வையுங்க, அப்பதான் திருந்துவான்" என்பார். முதலாமவர் கண்காணிக்க மாட்டார் என்றும், இரண்டாமவர் கைவிட்டுவிட்டார் என்றும்தான் அறிக்கையில் ஏறும். "இவன் 6 மணிக்கு மேல் இவர் பொறுப்பில் இருப்பான், இந்தத் தேதியில் இந்தப் பள்ளியில் சேர்க்கிறோம்" என்று பெயரும் நேரமும் சொல்லுங்கள். பிறந்த தேதி உள்ள பள்ளிச் சான்றிதழை முதல் நாளே எடுத்துப் போங்கள். வயதுக்கு அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி அல்லது பஞ்சாயத்து பிறப்புச் சான்றிதழ். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாகவே வருவார்.